ஆறும் அளவும்

தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கன் ஒருவன், ஆற்றுநீரின் ஓட்டத்தையும் அதனோடு செல்லும் வண்டலின் போக்கையும் கணினியிற் கணக்கிடும் முறையைக் குறித்து எழுதப் புகுவது, சிலர்க்கு வியப்பையும் சிலர்க்கு நகைப்பையும் தரக்கூடும். "உனக்குரிய துறையை விட்டு அயல் துறையிற் கால் வைப்பானேன்?" என்று விடுதி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டதும் உண்டு. அவர்க்கு யான் கூறிய விடை இது: ஆறு எல்லார்க்கும் பொது. அதன் நீரைப் பருகி, அதன் கரையில் வளர்ந்து, அதன் வெள்ளத்திற்கு அஞ்சி வாழ்பவர்க்கு, அவ்வாற்றைப் பற்றிப் பிறர் போடும் கணக்கு எவ்வாறு போடப்படுகின்றது என்பதை அறியும் உரிமை உண்டு. அன்றியும், அக்கணக்கின் நடுவே கிடக்கும் சிக்கல், ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடம் தெளிவோர் நெடுங்காலமாக அறிந்த சிக்கலேயாகும். அதனைப் பின்னர்க் காட்டுவேன்.

இவ்விஷயத்தில் எனக்கு ஆசிரியராய் வாய்த்தவர் என் பெரியப்பாவின் மூத்த புதல்வர். நீர்வளப் பொறியியலில் மேற்பட்டம் பெறுதற்பொருட்டு, அணைகளையுடைய ஓர் ஆற்றின் கணினி மாதிரியைச் செம்மை செய்யும் ஆராய்ச்சியில் அவர் ஈடுபட்டிருந்தார். அவ்வாறு எங்கள் தாமிரபரணி. இங்கு யான் எழுதுவனவற்றுட் பெரும்பகுதி அவர் வாயிலாகக் கேட்டனவும், சென்ற கோடை விடுமுறையில் அவருடன் சென்று கண்ணாற் கண்டனவும் ஆகும்.

மாதிரி என்பது யாது என முதற்கண் சுருங்கக் கூறுவேன். ஆற்றின் நெடுகப் பல இடங்களில் படுகையின் ஆழத்தையும் அகலத்தையும் சரிவையும் அளந்து, அவ்வளவுகளைக் கணினியுள் இடுவர். பின்பு, மேலேயுள்ள அணையிலிருந்து மணிக்கு மணி இவ்வளவு நீர் திறக்கப்பட்டது, துணையாறுகளின் வழியே இவ்வளவு நீர் வந்தது என்னும் கணக்கினையும் கொடுப்பர். கொடுத்தால், கீழே இன்ன ஊரில் இன்ன நேரத்தில் இவ்வளவு உயரம் நீர் நிற்கும் என்று அது விடை பகரும். இதற்கு அடிப்படையான சமன்பாடுகளைப் பிரெஞ்சு நாட்டு அறிஞராகிய சேன் வெனான் என்பவர் 1871-ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டார். ஓரிடத்திற்கு வந்து சேரும் மணலுக்கும் அவ்விடத்தை விட்டுப் போகும் மணலுக்கும் உள்ள வேறுபாட்டிற்கேற்பப் படுகை உயரும், அன்றித் தாழும் என்னும் கணக்கினை ஆஸ்திரிய நாட்டு அறிஞராகிய எக்ஸ்னர் 1920-களில் எழுதினார். இவ்விரண்டையும் இணைத்தால், நீரும் மணலும் ஒருங்கே செல்லும் ஆறு ஒன்று கணினியுள் ஓடத் தொடங்கும். அமெரிக்க இராணுவத்தின் பொறியாளர் படையினர் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹெக்-ராஸ்' என்னும் மென்பொருள் இத்தகையது. விலையின்றிக் கிடைப்பதாதலின், உலகெங்கும் மாணாக்கர் பலர் அதனையே கையாளுகின்றனர். அண்ணன் கையாண்டதும் அதுவே.

சமன்பாடு இருக்கின்றது, கணினியும் இருக்கின்றது, அளந்த படுகையும் இருக்கின்றது. இனிக் குறை யாது? குறை உண்டு. ஆற்றில் எந்தக் கருவியாலும் நேரே அளக்கவொண்ணாத எண்கள் சில இக்கணக்கினுள் நிற்கின்றன. அவற்றுள் முதன்மையானது, படுகையும் கரையும் நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கின்றன என்பதைக் குறிக்கும் எண். அயர்லாந்து நாட்டுப் பொறியாளராகிய ராபர்ட் மானிங் 1889-ஆம் ஆண்டில் எடுத்துரைத்த சூத்திரத்தினின்றும் வந்தமையால், இதனை மானிங் எண் என்பர். வளைவின்றித் தூய்மையாய்க் கிடக்கும் இயற்கை ஆற்றிற்கு இவ்வெண் ஏறத்தாழ 0.03, புதரும் மரமும் அடர்ந்த வெள்ளச் சமவெளிக்கு 0.1-ஐயும் எட்டும். நாணலும் அமலைச் செடியும் சீமைக்கருவேலும் மண்டிக் கிடக்கும் ஆற்றிற்கு எதனை இடுவது? பார்த்தவுடன் சொல்லிவிட இயலாது. மணலைப் பற்றிய எண்களோ இதனினும் வழுக்குவன. ஒரே ஆற்றிற்கு இருவேறு மணற் சூத்திரங்கள் தரும் விடைகள் பன்மடங்கு வேறுபடுதலும் உண்டு.

ஆகவே பொறியாளர் செய்வது யாதெனின், இவ்வெண்களைச் சிறிது சிறிதாக ஏற்றியும் இறக்கியும், முன்னொரு வெள்ளத்தில் உண்மையாகவே நீர் நின்ற உயரத்தோடு கணினியின் விடை பொருந்துமளவும் முயலுதலேயாம். இதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர். வீணையின் நரம்பை முறுக்கியும் தளர்த்தியும் சுருதி சேர்ப்பது போன்ற செயல் எனலாம். இங்கு ஆதார சுருதியாய் நிற்பது ஆறு, கணினி அன்று.

எனினும் இம்மட்டோடு வேலை முடிந்ததாகக் கொள்ளுதல் கூடாது. கையிலுள்ள அளவைகள் எல்லாவற்றையும் பொருத்துதற்கே செலவிட்டுவிட்டால், மாதிரி உண்மையை அறிந்து சொல்கின்றதா, அன்றிக் கேட்டதைத் திருப்பிச் சொல்கின்றதா என்று எவ்வாறு தெளிவது? வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டு நூற்றுக்கு நூறு வாங்கிய மாணாக்கனின் புலமையை யார் மதிப்பர்? இக்காரணம் பற்றி, அளவைகளுட் சிலவற்றைத் தனியே ஒதுக்கி, பொருத்தும் காலத்தில் அவற்றைக் கண்ணெடுத்தும் பாராமல், இறுதியில் மாதிரியைச் சோதித்தற்கென்றே வைத்திருப்பர்.

அணையில்லாத ஆற்றினும் அணையுள்ள ஆறு இவ்வகையில் மிகவும் கடினமானது. ஓடிவரும் நீர் அணைக்குப் பின்னே தேங்கும்பொழுது வேகம் குன்றுகின்றது. குன்றவே, பருமணல் நீர்த்தேக்கத்தின் தலைப்பிலேயே தங்கிவிடும். நுண்வண்டல் உள்ளே சென்று படியும். சுமையை இறக்கிவிட்டுத் தெளிந்து வெளிவரும் நீரைப் 'பசித்த நீர்' என்பர் நிபுணர். அது கீழேயுள்ள படுகையையும் கரையையும் அரித்துத் தன் பசியை ஆற்றிக்கொள்ளும். ஆகவே அணைக்கு மேலே படுகை ஏறுகின்றது. அணைக்குக் கீழே இறங்குகின்றது. எங்கேனும் குறுக்கே ஓர் அணைக்கட்டு நின்றால் அங்கே மறுபடியும் ஏறுகின்றது. நேற்று அளந்த ஆறு நாளை அவ்வாறே இராது. அளக்கப்படும் பொருளே அளவெடுக்கும் காலத்தில் உருமாறுமாயின், அளவுத்திருத்தம் ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியமாகாது.

அண்ணன் இதற்கு ஓர் உதாரணம் கூறினார். வட அமெரிக்காவிலுள்ள கொலராடோ ஆற்றின் பெயருக்கு ஸ்பானிய மொழியிற் 'செந்நிறமானது' என்பது பொருள். செம்மண் கரைந்து ஓடியமையால் வந்த பெயர் அது. அரிசோனா மாகாணத்தில், கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கிற்கு மேலே கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணை 1963-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீரைத் தேக்கத் தொடங்கியது. அன்றுதொட்டு அணைக்குக் கீழே ஓடுவது தெளிந்த குளிர்நீர். மேலிருந்து வந்த மணல் அனைத்தும் நீர்த்தேக்கத்துள் அடங்கிவிடவே, பள்ளத்தாக்கின் கரையோர மணல்திட்டுகள் தேயலாயின. கீழே பரியா முதலிய துணையாறுகள் கொண்டுவரும் மணலே எஞ்சியது. பள்ளத்தாக்கின் மேற்பகுதிக்கு அது பழைய வரவில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவேயாகும்.

துணையாற்று மணல் ஆற்றின் அடியிற் பல ஆண்டுகள் சேர்ந்து கிடக்கும் என்றும், செயற்கையாக ஒரு வெள்ளத்தை விட்டால் அம்மணல் மேலெழுந்து கரையில் திட்டாகப் படியும் என்றும் அக்காலத்தார் கருதினர். 1996-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், வினாடிக்கு 45,000 கன அடி வீதம் ஏழு நாள் அணையிலிருந்து நீரைத் திறந்தனர். மணல்திட்டுகள் உயர்ந்தன. கணக்குப் பலித்ததென்று மகிழ்ந்து ஆராய்ச்சியை மூடியிருந்தால் அப்பொழுதே மூடியிருக்கலாம். ஆனால் அவர்கள் மணலையும் அளந்துகொண்டிருந்தனர். அளவைகளைக் கூர்ந்து நோக்கியபோது, உயர்ந்த திட்டுகளில் ஏறிய மணலிற் பெரும்பகுதி ஆற்றின் நடுவடியிலிருந்து வந்ததன்று என்பதும், பழைய திட்டுகளின் தாழ்ந்த பகுதிகளிலிருந்தே அரித்தெடுக்கப்பட்டது என்பதும் தெரியவந்தன. துணையாறு தரும் புதுமணல் ஆண்டுக்கணக்கில் தங்குவதில்லை. அணை வழக்கமாக விடும் நீரிலேயே சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் அடித்துச் செல்லப்படுகின்றது. ஒரு சட்டைப்பையிலிருந்த காசை மற்றொரு பைக்கு மாற்றிவிட்டு வருவாய் வந்ததென்று எண்ணியது போலாயிற்று. பின்னர்க் கருத்தை மாற்றிக்கொண்டு, துணையாற்றில் மணல் வந்திறங்கியவுடன் வெள்ளம் விடுதலே தக்கதெனத் தெளிந்து, 2004-ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வாறே செய்து பார்த்தனர். 2012-ஆம் ஆண்டில் அதற்கென ஒரு நெறிமுறையையும் வகுத்தனர்.

இவ்வரலாறு எனக்கு உணர்த்தியது யாதெனின், விடை சரியாயிருத்தல் வேறு, காரணம் சரியாயிருத்தல் வேறு என்பதே. திட்டு உயரும் என்ற விடை சரி. உயர்வதற்குக் கூறிய காரணம் பிழை. அப்பிழையான காரணத்தின்மேல் ஆண்டுதோறும் வெள்ளம் விட்டிருந்தால், உள்ள மணலும் கரைந்திருக்கும்.

நிற்க. இனி எங்கள் ஆற்றிற்கு வருவோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் தென்கோடி மாவட்டங்களிற் பெய்த மழையை யாரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மேலேயுள்ள அணைகளிலிருந்து திறந்துவிட்ட நீரும், அணைகளுக்குக் கீழே பெய்த மழைநீரும் ஒன்றுகூடித் தாமிரபரணியின் இருகரையையும் மூழ்கடித்தன. ஸ்ரீவைகுண்டம் இரயில் நிலையத்தில் பயணிகள் பல நூற்றுவர் வண்டியோடு சிக்கித் தவித்தனர். அவ்வாற்றின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிற்கு அணித்தானது எங்கள் ஊர்.

அளவுகோல் நாட்டிய நிலையங்கள் ஆற்றிற் சிலவே. ஆகையால் அண்ணன், வெள்ளம் தொட்டுச் சென்ற உயரத்தை வீட்டுச் சுவர்களில் தேடி அளக்கலானார். மட்டக்கருவியை அவர் பிடிக்க, மட்டக்கோலை யான் பிடித்தேன். சுவரிற் படிந்த சேற்றுக்கோடு பல வீடுகளில் வெள்ளையடித்து மறைந்துவிட்டமையால், கண்டவரைக் கேட்டே தெளிய வேண்டியிருந்தது. இந்நிலையில் ஒரு தமிழ் மாணாக்கன் அவர்க்குப் பயன்பட்டான் என்று சிறிது பெருமையுடன் சொல்லிக்கொள்வேன். "எவ்வளவு உயரம் வந்தது?" என்று கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வோர் உயரம் கூறுவர், அச்சம் உயரத்தைக் கூட்டும். "தண்ணீர் எதை நனைத்தது? எதை நனைக்கவில்லை?" என்று கேட்டால், சொல் நிலைபெறும். இவ்வாறு ஏழு குறிகள் கிட்டின. ஐந்தைப் பொருத்துதற்கும் இரண்டைச் சோதித்தற்கும் என்று அண்ணன் பிரித்து வைத்தார்.

நான்கு குறிகள் எளிதிற் பொருந்தின. ஐந்தாவது பொருந்தவில்லை. அது கீழத்தெருவில் தனியே வாழும் ஆச்சி ஒருவரின் வீடு. கணினி காட்டிய நீர்மட்டத்தைக் காட்டிலும் ஆச்சி காட்டிய குறி ஏறத்தாழ ஒரு முழம் உயர்ந்து நின்றது. மானிங் எண்ணை மிக ஏற்றினால் அக்குறி பொருந்தும். ஆனால் மற்ற நான்கும் கெடும். ஆச்சியின் குறியை நீக்கிவிட்டால், ஆய்வேட்டின் அட்டவணை அழகாக முடியும். அண்ணனுடன் பயிலும் ஒருவர், "வயதானவர்கள் நினைவைக் கணக்கில் ஏற்றலாமோ? விலக்கிவிடுங்கள்" என்று தொலைபேசியிற் கூறியதை யான் அருகிருந்து கேட்டேன். அது தீய எண்ணத்தால் வந்த சொல்லன்று. பலரும் செய்யும் வழக்கமே. ஆனால் அம்மாதிரியைக் கொண்டு வெள்ள வரைபடம் ஒன்று வரைந்தால், கீழத்தெரு நனையாத இடமாக அதிற் குறிக்கப்படும். அவ்வரைபடத்தை நம்பி, அடுத்த வெள்ளத்தன்று அத்தெருவினரை எழுப்ப வேண்டியதில்லை என்று ஒருவர் முடிவு செய்யவும் கூடும்.

அண்ணன் குறியை நீக்கவில்லை. "சாட்சி பொய்யென்று சொல்லுமுன் சாட்சியை ஒருமுறை விசாரிக்க வேண்டும், தம்பி" என்று கூறி, என்னையும் அழைத்துக்கொண்டு மறுபடி கீழத்தெருவிற்குச் சென்றார். ஆச்சி எங்களைக் குலுக்கை இருந்த அறைக்கு அழைத்துச் சென்று, சுவரில் நாட்காட்டி மாட்டும் ஆணியைக் காட்டினார். நாட்காட்டியின் அடித்தாள்கள் ஊறி ஒட்டிக்கொண்டனவாம்; மேலிருந்த படம் நனையவில்லையாம். கெட்டுப்போன அந்நாட்காட்டியையும் அவர் எடுத்து வைத்திருந்தார். நனைந்த கறை அதில் தெளிவாக நின்றது. அதன்பின் அவர் கூறிய ஒரு சொல்தான் முடிச்சை அவிழ்த்தது: "ஆத்துத் தண்ணி முன்வாசல் வழியா வரலை ஐயா, பின்னால வாய்க்கால் வழியாத்தான் வந்துது."

நாங்கள் பின்புறம் சென்று பார்த்தோம். வாய்க்காலின் மேல் பாதை செல்லும் சிறுபாலம் ஒன்று உள்ளது. அதன் கண்களுள் வண்டல் அடைந்து, நீர் செல்வதற்கு ஒரு சாண் இடைவெளியே மீந்திருந்தது. அடைந்த வண்டலின்மேல் அமலைச் செடி செழித்திருந்தது. வெள்ளத்தன்று ஆற்றுநீர் வாய்க்காலில் ஏறி, பாலத்தின் வழியே வடிய மாட்டாமல் தேங்கி, கீழத்தெருவிற் புறவாயில் வழியே புகுந்திருக்கின்றது. அண்ணனின் மாதிரியில் ஆறு இருந்தது, வாய்க்கால் இல்லை. தூர்ந்துபோன வாய்க்காலையும் பாலத்தையும் அளந்து கணினியுள் இட்டார். ஆச்சி வீட்டு நீர்மட்டம் குறியை நெருங்கி நின்றது. மற்ற நான்கும் பெயரளவுக்கே அசைந்தன. ஒதுக்கி வைத்திருந்த இரண்டு குறிகளையும் அதன்பின்னரே எடுத்து ஒப்பிட்டார். சில விரற்கிடை வேறுபாட்டில் இரண்டும் பொருந்தின.

எங்கள் ஆலயத்தின் சுவரில் 1992-ஆம் ஆண்டு வெள்ளத்தின் கோடும் ஒன்று உண்டு. அதனையும் சோதனைக்குக் கொள்ளலாகாதோ என்று அண்ணனைக் கேட்டேன். "கொள்ளலாம், ஆனால் அன்றைய படுகையின் அளவு வேண்டும். முப்பது ஆண்டுகளில் எவ்வளவு வண்டல் வந்து படிந்ததோ! 1992-ஆம் ஆண்டின் ஆறு வேறு, இன்றைய ஆறு வேறு" என்றார்.

தொடக்கத்தில் யான் சொல்லிய ஒப்புமையை இனிக் கூறுவேன். சுவடி பதிப்பிப்போர்க்கு, பல ஏடுகள் ஒருவிதமாகவும் ஓர் ஏடு மட்டும் வேறுவிதமாகவும் பாடம் காட்டும் இடர் அடிக்கடி நேரும். தளை தட்டாமலும் பொருள் எளிதாகவும் அமையும்படி ஒரு சொல்லைத் தாமே திருத்தி, ஒவ்வாத ஏட்டை ஒதுக்கிவிடுதல் சுலபம். செய்யுளும் இனிதே ஓடும். ஆயினும் அந்த ஓர் ஏடே மூலத்தின் பாடத்தைக் காத்து நின்றதாகப் பின்னர் வெளிப்படுதல் உண்டு. அதனாலன்றோ நல்ல பதிப்பாசிரியர்கள் தமக்கு ஒவ்வாத பாடத்தையும் அடிக்குறிப்பிற் காட்டிச் செல்கின்றனர்! மானிங் எண்ணை மனம்போல் ஏற்றிப் பொருந்தாத மட்டத்தைப் பொருத்துவது, சொல்லைத் திருத்தித் தளையைச் சரிசெய்வது போன்றது. வெவ்வேறு எண்தொகுதிகள் ஒரே விடையைத் தருதல் கூடும் என்பதைப் பெவன் என்னும் ஆங்கிலேய நீரியலறிஞர் பல ஆண்டுகளாக எடுத்துரைத்து வருகின்றார். ஆகவே பொருத்தம் ஒன்றே உண்மைக்குச் சான்றாகாது. பொருந்தாமை எங்கே நிற்கின்றதோ அங்கேதான் நாம் இன்னும் அறியாத செய்தி ஒளிந்திருக்கின்றது.

விஞ்ஞானம் பயிலும் நண்பர்களுக்கு இவை புதியன அல்லவாயிருக்கலாம். எனினும், கணினி கூறிற்று என்ற ஒன்றையே பிரமாணமாகக் கொள்ளும் மனப்பான்மை நம் எல்லாரிடத்தும் வளர்ந்து வருகின்றமையால் இவற்றை எழுதத் துணிந்தேன். கணினி பொய் சொல்வதில்லை; நாம் காட்டிய ஆற்றைப் பற்றியே அது பேசுகின்றது. நாம் காட்ட மறந்த வாய்க்காலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அவ்வாய்க்காலை அறிந்தவர் கீழத்தெருவில் இருந்தார். அவர் எழுத்தறியாதவர், ஆயினும், எங்கள் அளவைகளுள் நனைந்த தாளோடு நிறுவப்பட்ட அளவை அவருடையது ஒன்றே. அண்ணனின் ஆய்வேட்டு வரைபடத்தில் கீழத்தெரு இப்பொழுது நீலநிறம் தீட்டப்பட்டிருக்கின்றது. அடுத்த மழைக்காலத்திற்கு முன் பாலத்தின் அடைப்பை எடுத்துவிட்டால், வாய்க்காலை மறுபடி அளந்து அந்நீலத்தையும் திருத்த வேண்டியிருக்கும். திருத்துவதற்கு அவர் ஆயத்தமாகவே இருக்கின்றார்.